எடை எங்கே இருக்கிறது

கார் ஓட்டுவதை விருப்பமாகச் செய்கிறவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியும் சக்கரத்துக்கு வந்து சேரும். முன்சக்கரம் இழுக்கிற வண்டி நல்லதா, பின்சக்கரம் தள்ளுகிற வண்டியா, நான்கும் சேர்ந்து உழைக்கிற வண்டியா? இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் வேகத்தையும் பிடிப்பையும் வைத்துத் தீர்த்துவிடப் பார்க்கிறோம். எது வளைவில் வேகமாகப் போகும், எது மழையில் வழுக்காது என்று. இரண்டும் முக்கியம்தான். ஆனால் எதை ஓட்டினால் மனம் நிறைகிறது என்று கேட்டால் அந்தக் கணக்கு உதவுவதில்லை.

ஓடுகிற வண்டியின் எடை ஓரிடத்தில் நிற்பதில்லை. பிரேக் மிதித்தால் முன்னுக்கு வருகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின்னுக்குப் போகிறது. இடப்பக்கம் ஒடித்தால் வலப்பக்கச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. இந்த எடை இந்த நொடியில் எங்கே இருக்கிறது என்று உடம்பால் அறிவதும், அதை வேண்டிய இடத்துக்கு அனுப்பி வைப்பதும்தான் ஓட்டுவதில் உள்ள இன்பம் என்று நினைக்கிறேன். எந்தச் சக்கரம் வண்டியை நகர்த்துகிறது என்பதைப் பொறுத்து அந்த அறிவு வருகிற வழி மாறுகிறது. முன்சக்கர வண்டியில் அது கைக்கு வருகிறது. பின்சக்கர வண்டியில் பாதி கைக்கும் பாதி இடுப்புக்கும் வருகிறது. நான்கு சக்கரமும் இயங்கும் வண்டியில், தார் ரோட்டைப் பொறுத்தவரை, மிகத் தாமதமாக வருகிறது.

டயர் சாலையைத் தொடும் இடம் உள்ளங்கை அகலம்தான். அதன் பிடிக்கு ஓர் அளவு உண்டு. அந்த அளவை மாதச் சம்பளம் போலச் செலவழிக்க வேண்டும்: திரும்புவதற்குக் கொடுத்தது போக மிச்சமிருந்தால்தான் முன்னேறுவதற்கோ நிற்பதற்கோ கொடுக்க முடியும். முழுவதையும் திரும்புவதற்கே கொடுத்துவிட்ட டயரிடம் அதற்கு மேல் கொஞ்சம் வேகம் கேட்டால் அது இரண்டையும் சேர்த்துக் கைவிடும். முன்சக்கர வண்டியில் முன் டயர் இரண்டும்தான் திருப்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும், நிறுத்துகிற வேலையிலும் பெரும்பங்கு அவற்றுக்கே. பின் டயர்கள் கூடவே உருண்டு வருகின்றன. பின்சக்கர வண்டியில் முன்னது திருப்புகிறது, பின்னது தள்ளுகிறது. நான்குசக்கர வண்டியில் தள்ளும் வேலை நான்காகப் பிரிகிறது. மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

இதைச் சமதளத்தில் உணர்வது கடினம். நாற்கரச் சாலையில் மூன்று வகையும் ஒன்றுபோலத்தான் ஓடும். மலை வேண்டும். ஆழியாறு அணைக்கு மேலே தொடங்கும் வால்பாறை மலைச்சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் நாற்பது. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. நம் ஊரில் இந்த மூன்று இயக்கமும் மூன்று வண்டிகளின் உருவத்தில்தான் அறிமுகமாயின. பின்சக்கரத்துக்கு அம்பாசிடர், முன்சக்கரத்துக்கு மாருதி 800, நான்குக்கும் ஜிப்சி. ஜிப்சிக்கு முன்னால் மஹிந்திராவின் ஜீப் இருந்தது, எஸ்டேட்டுக்காரர்களுக்கு அதுதான் முதல். ஆனாலும் இந்த மூன்றையும் ஒரே மலையில் ஓட்டிப் பார்த்த தலைமுறை ஒன்று கோவை, பொள்ளாச்சிப் பக்கம் இருக்கிறது. அவர்களுக்கு இயற்பியல் பாடம் தனியாக வேண்டியிருக்கவில்லை.

அம்பாசிடரை இன்று பலரும் ஏக்கத்தோடு பேசுகிறார்கள், அல்லது பழம்பொருளாக ஒதுக்குகிறார்கள். ஓட்டும் சுவைக்காக அதைப் பேசுகிறவர்கள் குறைவு. 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின், ஐம்பதை ஒட்டிய குதிரைத்திறன், ஒரு டன்னுக்கு மேல் எடை, ஸ்டீயரிங் தண்டிலேயே கியர், பின்னால் பட்டை ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்த ஒற்றை ஆக்சில். காகிதத்தில் இதில் மகிழ ஒன்றுமில்லை. வளைவுக்குக் கொண்டு போங்கள். ஹாரன் அடித்து, இரண்டாவது கியருக்கு இறக்கி, அந்தப் பெரிய மெல்லிய ஸ்டீயரிங்கை ஒடிக்கத் தொடங்கும்போது முதலில் உடம்பு வெளிப்பக்கம் சாய்கிறது. வண்டி தன் எடையை ஒரு பக்கத்துக்குச் சேர்த்து வைக்கிறது. கொண்டை ஊசியின் உள்வட்டம் எப்போதும் வெளிவட்டத்தைவிடச் செங்குத்து. அந்தச் செங்குத்தில் எடை முழுக்கப் பின்னுக்கு இறங்குகிறது. இறங்குகிற இடம் எதுவோ அங்கேதான் தள்ளுகிற சக்கரம் இருக்கிறது. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினால் பின்பக்கம் குந்துகிறது. இருக்கை இடுப்பைத் தாங்கித் தள்ளுவது தெரிகிறது. அதே கணம் கையில் ஸ்டீயரிங் லேசாகிறது. முன்சக்கரத்துக்கு வேறு வேலை கிடையாது என்பதால் சாலையின் சொரசொரப்பு, ஒட்டுப்போட்ட தார், சரளைக்கல் எல்லாம் கலப்பில்லாமல் கைக்கு வருகின்றன. கை ஒன்று சொல்கிறது, இடுப்பு இன்னொன்று சொல்கிறது, இரண்டையும் சேர்த்துக் கால் முடிவெடுக்கிறது. வேகமானி இருபத்தைந்தைத் தாண்டியிருக்காது.

மழையில் கதை சற்று மாறும். டேங்க் நிரம்பிய பஸ்கள் வளைவில் திரும்பும்போது மூடியோரம் டீசல் சிந்தும். நனைந்த தாரில் அது வானவில் நிறத்தில் பரவிக் கிடக்கும். அதன் மேல் அம்பாசிடரின் பின்சக்கரம் ஏறும்போது வால் ஒரு சாண் வெளியே போகும். அப்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலைப் படக்கென்று எடுப்பவருக்கு வால் இன்னும் போகும். காலை மெல்லத் தளர்த்தி, வால் போகும் பக்கமே ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பவருக்கு வண்டி தானே நேராகும். பழகியவர்களின் கைகள் இதை யோசித்துச் செய்வதில்லை. இடுப்பில் அந்தச் சறுக்கல் தெரிந்ததும் கை போய்விடும். கண்ணுக்கு முந்தி உடம்பு அறிகிற அந்தச் சிறு இடைவெளிக்காகத்தான் பின்சக்கர இயக்கத்தை நான் முதலிடத்தில் வைக்கிறேன்.

பிறகு மாருதி. 1983 டிசம்பரில் வந்தது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், ஆரம்பத்தில் நாற்பதைத் தொடாத குதிரைத்திறன், அறுநூற்றைம்பது கிலோ அளவிலான எடை, பன்னிரண்டு அங்குலச் சக்கரம். நடுவில் புரொபெல்லர் ஷாஃப்ட் இல்லை, ஆகவே காலடியில் அந்த மேடும் இல்லை. எஞ்சின் குறுக்கே படுத்திருக்கும். இந்தப் படுக்கையின் கதை 1956-இல் தொடங்குகிறது. சூயஸ் நெருக்கடியில் பிரிட்டனில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, சின்ன வண்டி ஒன்று வேண்டும் என்று அலெக் இசிகோனிஸிடம் பணி ஒப்படைக்கப்பட்டது. அவர் எஞ்சினைக் குறுக்கே திருப்பி, கியர்பாக்ஸை அதன் அடியிலேயே அதே எண்ணெயில் மூழ்க வைத்தார். 1959-இல் மினி வந்தது. மூன்று மீட்டர் நீளத்தில் நாலு பேர் உட்கார முடிந்தது. அதன் பிறகு இத்தாலியில் டான்டே ஜகோசா, 1964-இல் வந்த ஆட்டோபியாங்கி பிரிமுலாவில், கியர்பாக்ஸை எஞ்சினின் அடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இன்று நம் தெருவில் நிற்கிற முன்சக்கர வண்டிகளில் பெரும்பாலானவை ஜகோசா வகுத்த அமைப்புதான்.

ஆனால் இந்த இருவருக்கும் முன்னால் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். திரும்புகிற சக்கரத்துக்கே சக்தியையும் கொடுப்பது எளிதல்ல. லாரியின் அடியில் பார்க்கும் சாதாரண கிராஸ் ஜாயின்ட் கோணத்தில் வளைந்து சுற்றும்போது ஒரு சுற்றுக்குள்ளேயே வேகம் கூடிக் குறையும். அதை முன்சக்கரத்தில் மாட்டினால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஸ்டீயரிங் கையில் துடிக்கும். அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனத்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் ரெப்பா 1920-களில் இதற்கு ஒரு வழி கண்டார்: ஒரு கிண்ணம், அதற்குள் ஒரு குமிழ், இரண்டுக்கும் இடையில் வெட்டிய பள்ளங்களில் ஆறு எஃகுக் குண்டுகள். எந்தக் கோணத்தில் திரும்பினாலும் உள்ளே சுற்றும் வேகமும் வெளியே சுற்றும் வேகமும் ஒன்றே. இன்றைக்கும் பொள்ளாச்சிப் பட்டறையில் மாருதியைக் கொண்டுபோய் நிறுத்தினால் மெக்கானிக் முதலில் செய்கிற காரியம் இதைச் சோதிப்பதுதான். “ஃபுல்லா ஒடிச்சு மெதுவா எடுங்க. டக்கு டக்குன்னு கேக்குதுங்களா? ஜாயின்ட்டு போயிருச்சுங்க.” ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மண் உள்ளே போனதால் அந்த ஆறு குண்டுகள் எழுப்புகிற சத்தம் அது. உறையை முந்தியே மாற்றியிருந்தால் ஜாயின்ட் பிழைத்திருக்கும்.

முன்சக்கர வண்டியில் ஓட்டும் சுவை கிடையாது என்று ஆர்வலர்கள் பலர் சொல்வார்கள். நான் ஏற்கவில்லை. அவர்கள் பெரிய எஞ்சின் வைத்த முன்சக்கர வண்டிகளை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். அந்தக் குறை உண்மை: வலு கூடும்போது, இழுக்கும் ஷாஃப்ட்கள் இரண்டும் சமமான நீளத்தில் இல்லாததால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் பிடுங்கும், வளைவில் அதிகம் மிதித்தால் மூக்கு வெளியே ஓடும். ஆனால் எடை குறைந்த, வலு குறைந்த முன்சக்கர வண்டிக்கு வேறு ஒரு குணம் உண்டு. வளைவுக்குள் நுழைந்த பிறகு ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சற்றே தளர்த்துங்கள். எடை முன்னுக்கு வருகிறது, முன் டயர்கள் கடிக்கின்றன, பின்பக்கம் லேசாகிறது, மூக்கு உள்ளே குத்திக்கொண்டு திரும்புகிறது. மீண்டும் மிதித்தால் வண்டி தன்னை நேராக்கிக்கொண்டு இழுக்கிறது. திருப்பத்தின் ஆரத்தைக் காலாலேயே கூட்டிக் குறைக்கலாம்.

மினியை வைத்து மான்டி கார்லோ ராலியில் 1964-இல் பாடி ஹாப்கிர்க் வென்றது இந்தக் குணத்தால்தான். அடுத்த ஆண்டு டிமோ மாக்கினென், 1967-இல் ரௌனோ ஆல்டொனென். தங்களைவிடப் பலமடங்கு வலுவுள்ள வண்டிகளோடு மோதினார்கள். ஸ்வீடனின் எரிக் கார்ல்சன் அதற்கும் முன்னால் சாப் 96-ஐ வைத்து 1962, 1963 இரண்டு ஆண்டும் அதே ராலியை வென்றிருந்தார். வலது கால் ஆக்சிலரேட்டரை அழுத்தியபடியே இருக்க, இடது காலால் பிரேக்கைத் தொடுவது இந்த வட ஐரோப்பிய ஓட்டுநர்களின் வித்தை. முன்சக்கரத்தில் எஞ்சின் இழுவை பிரேக்கை ஈடுகட்டிவிடும், பின்சக்கரம் மட்டும் பிடியை இழந்து வீசும், வண்டி பனியில் பக்கவாட்டாகத் திரும்பிக்கொள்ளும். பின்சக்கரம் சும்மா உருண்டு வருகிறது என்று மேலே சொன்னேன். இவர்கள் சும்மா இருந்ததற்கு வேலை கொடுத்தார்கள்.

வால்பாறை ஏற்றத்தில் மாருதிக்கு ஒரு சங்கடம் உண்டு. நாலு பேரும் பெட்டிகளும் ஏறிய வண்டியில் எடை பின்னுக்குச் சாய்ந்திருக்கும். அதுவும் கொண்டை ஊசியின் உள்பக்கத்தில் உள்முன்சக்கரம் ஏறக்குறைய எடையற்றுப் போகும். இழுக்க வேண்டிய சக்கரம் அதுதான். ஈரத்தில் அது கர்ரென்று சுற்றும், வண்டி ஒரு கணம் தயங்கும். அப்போது மிதிப்பதில் பயனில்லை. வெளிவட்டத்தில் அகலமாக எடுத்து, செங்குத்தைத் தவிர்த்து, ஒரே சீராகக் காலை வைத்திருக்க வேண்டும். வளைவுக்கு முப்பதடி முன்னாலேயே பாதையைத் தீர்மானிக்க இந்த வண்டி கற்றுக்கொடுத்தது.

ஏற்றத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு இறக்கம்தான் உண்மையான சோதனை. ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று மலை ஓட்டுநர்கள் சொல்வார்கள். அதன் பொருள், பிரேக்கை நம்பாதே, எஞ்சினையே கடிவாளமாக்கு என்பது. அந்தக் கடிவாளம் எந்தச் சக்கரத்தில் விழுகிறது? மாருதியில் முன்சக்கரத்தில். இறக்கத்தில் எடையும் அங்கேதான் இருக்கிறது. ஆகவே கியரை இறக்கினாலும் வண்டி அசையாமல் நேர்க்கோட்டில் அடங்குகிறது. ஏற்றத்தில் தயங்கிய அதே வண்டி இறக்கத்தில் மிக நம்பகமானது. அம்பாசிடரில் எல்லாம் தலைகீழ். எடை முன்னுக்குப் போய்விட்டது, பின்சக்கரம் லேசாகிவிட்டது, கடிவாளமோ அந்த லேசான சக்கரத்தில் விழுகிறது. ஈரமான வளைவின் நடுவில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கி கிளட்சைச் சட்டென்று விட்டால் பின்சக்கரம் சறுக்கும். எனவே கியர் மாற்றுவது வளைவுக்கு முன், நேரான இடத்தில், ஆக்சிலரேட்டரைச் சிறிது தட்டி எஞ்சின் சுழற்சியை ஏற்றிக்கொண்டு, கிளட்சை மெல்ல விட்டு முடிந்திருக்க வேண்டும். இதைச் சரியாகச் செய்த ஒவ்வொரு வளைவிலும் உடம்புக்குள் ஒரு சிறிய நிறைவு உண்டாகிறது. யாரும் பார்க்கவில்லை, பின்சீட்டில் தூங்குகிறவர் விழிக்கவில்லை. அவர் விழிக்காததே அந்த வேலையின் தரம். பந்தயத் தடங்களில் தேடுகிற இன்பத்துக்கு இது ஒரு மாற்றுக் குறைந்ததில்லை.

நான்குசக்கர இயக்கத்துக்கு வருகிறேன். 1970-களின் பிற்பகுதியில் ஒரு குளிர்காலம், ஃபின்லாந்தின் பனியில் ஆடி நிறுவனத்தார் சோதனை ஓட்டம் நடத்தினார்கள். ராணுவத்துக்கென உருவான இல்டிஸ் என்ற உயரமான ஜீப் உடன் வந்திருந்தது. 75 குதிரைத்திறன்தான். பனியில் அது தன்னைவிட வலுவான முன்சக்கர ஆடி கார்களை விஞ்சியது. யோர்க் பென்சிங்கர் என்ற பொறியாளர், இந்த நான்குசக்கர இயக்கத்தை ஏன் ஒரு சாலைக் காரில் வைக்கக் கூடாது என்று தன் மேலதிகாரி ஃபெர்டினாண்ட் பியெஹ்ஹிடம் கேட்டார். 1980 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் குவாட்ரோ வந்தது. மறு ஆண்டு இத்தாலியின் சான்ரெமோவில் மிஷேல் மூட்டோன் அதை ஓட்டி வென்றார். உலக ராலிச் சாம்பியன்ஷிப் சுற்று ஒன்றை வென்ற முதல் பெண் அவர். ராலி உலகம் இரண்டு சக்கரத்தோடு இருந்த காலம் முடிவுக்கு வந்தது.

ஆனால் உடனே முடியவில்லை. 1983-இல் லான்சியா நிறுவனம், செஸாரே ஃபியோரியோவின் தலைமையில், நடுவில் எஞ்சின் வைத்துப் பின்சக்கரம் மட்டும் இயங்கும் 037 என்ற வண்டியைக் கொண்டு ஆடியை எதிர்த்தது. வால்டர் ரோல், மார்கு அலென் போன்றவர்கள் ஓட்டினார்கள். ஆண்டு முடிவில் தயாரிப்பாளர் பட்டம் லான்சியாவுக்கு: 118 புள்ளிகள், ஆடிக்கு 116. அதற்குப் பிறகு இரண்டு சக்கர இயக்கத்தில் யாரும் அந்தப் பட்டத்தை வெல்லவில்லை. அடுத்த ஆண்டே ரோல் ஆடிக்குப் போய் மான்டி கார்லோவை வென்றார். வேகம் என்ற வழக்கில் தீர்ப்பு அத்தோடு வந்துவிட்டது. மண்ணிலும் பனியிலும் நான்கு சக்கரமே வேகம். இதில் விவாதத்துக்கு இடமில்லை.

இன்பம் என்ற வழக்கில் அதே தீர்ப்பு செல்லாது. இன்றைய நான்குசக்கரச் சாலைக் கார்கள் தார் ரோட்டில் மிகப் பெரும் பிடிப்பை வைத்திருக்கின்றன. அதன் எல்லை எங்கோ தொலைவில் இருக்கிறது. பொதுச்சாலையில் யாரும் போகக் கூடாத வேகத்தில்தான் அந்த வண்டி எடையைப் பற்றிப் பேசவே தொடங்கும். அதுவரை அது மௌனம். பேசத் தொடங்கும்போது பதில் சொல்ல நேரம் இருக்காது. பிஎம்டபிள்யூ 2017-இல் தன் எம்5-ஐ முதன்முறையாக நான்குசக்கர இயக்கத்துக்கு மாற்றியபோது, வேண்டுகிறவர்களுக்காக முன்சக்கரத்தை முழுக்கத் துண்டித்துப் பின்சக்கரத்தால் மட்டும் ஓட்டும் வசதியையும் உள்ளே வைத்தது. எந்தப் பொறியாளரும் காரணமில்லாமல் இதைச் செய்வதில்லை.

நான்குசக்கர இயக்கத்தின் உண்மையான இன்பம் தாரை விட்டு இறங்கிய பிறகுதான். வால்பாறையைச் சுற்றிய தேயிலைத் தோட்டங்களின் உள்பாதைகளில் பழைய ஜிப்சி ஓடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். இறங்கி, முன்சக்கரக் குடத்தில் உள்ள பூட்டைக் கையால் திருப்பி, மறுபடி ஏறி, இரண்டாவது லீவரை இழுத்து ஃபோர் வீல் லோ-வில் போட வேண்டும். இதைத் தார் ரோட்டில் செய்தால் வண்டி முரண்டு பிடிக்கும். முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் வளைவில் வெவ்வேறு தூரம் போக வேண்டியவை, இடையில் அதை ஈடுகட்டும் டிஃபரன்ஷியல் கிடையாது, ஷாஃப்ட்கள் முறுக்கிக்கொள்ளும். சேற்றில் அந்த முறுக்கு டயர் நழுவுவதில் கரைந்துபோகும். அங்கே ஆக்சிலரேட்டரைத் தொடாமலே வண்டி நடக்கிற வேகத்துக்கும் குறைவாக ஊர்கிறது. ஒவ்வொரு கல்லும் எந்தச் சக்கரத்தின் அடியில் புகுகிறது, எது அந்தரத்தில் தொங்குகிறது, எது மண்ணைக் கவ்வியிருக்கிறது என்று நான்கையும் தனித்தனியாக உணரலாம். இறக்கத்தில் எஞ்சினின் கடிவாளம் நான்கு சக்கரத்திலும் விழுவதால் பிரேக்கில் கால் வைக்காமலே இறங்கலாம். இதற்கு ஈடான நிதானமான இன்பத்தை வேறெந்த வண்டியும் தந்ததில்லை. அதற்காக ஓடைப் படுகைகளையும் புல்வெளிகளையும் சக்கரத்தால் கிழிப்பவர்களை நான் ஏற்கவில்லை. பாதை இருக்கிற இடத்தில் போதும்.

பாதையிலும் எல்லா இடமும் ஒன்றல்ல. வால்பாறையை ஒட்டிய புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கின்றன. மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலங்கள் கட்டி வைத்திருக்கிறார்கள், ஆனாலும் தரையிறங்கத்தான் செய்கின்றன. அந்தத் தூரத்தில் எந்தச் சக்கரத்தைப் பற்றியும் நினைக்க வேண்டியதில்லை. மெதுவாகப் போனால் போதும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எந்தச் சக்கரம் இயங்குகிறது என்பதைவிட வண்டி எவ்வளவு கனம், டயர் எவ்வளவு அகலம் என்பவை பெரிய விஷயங்கள். இரண்டு டன் எடையும் அகலமான டயரும் வந்துவிட்டால் மூன்று இயக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஓட்டுநருக்கு எதுவும் கேட்காது. மெல்லிய டயரும் குறைந்த எடையும் இருந்தால் மூன்றுமே தத்தம் மொழியில் பேசும், அதுவும் முப்பது, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில். மாருதி 800-ஐ இன்றைய எந்தப் பெரிய பின்சக்கரக் காரைவிடவும் மேலாக நான் மதிப்பது இதனால்தான். இயக்கத்தின் தரவரிசையில் பின்சக்கரம் முதலில் வருகிறது, எடை சமமாக இருந்தால்.

ஜப்பானியர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். 1983-இல் டொயோட்டா தன் கொரோலா செடானை முன்சக்கரத்துக்கு மாற்றியது. ஆனால் அதே குடும்பத்தின் இரண்டு கதவு வண்டியை, ஏஇ86 என்று பின்னாளில் மலைச்சாலைக் கதைகளில் புகழ்பெற்றதை, பின்சக்கரத்திலேயே விட்டு வைத்தது. 1989-இல் மாஸ்டா, சிகாகோ கண்காட்சியில் எம்எக்ஸ்-5-ஐக் காட்டியது. 1.6 லிட்டர், ஒரு டன்னுக்கும் குறைவான எடை, முன்னும் பின்னும் ஏறக்குறையச் சமமாகப் பகிர்ந்த பாரம். வலுவான வண்டி ஒன்றும் இல்லை. 2016-க்குள் பத்து லட்சம் வண்டிகள் செய்துவிட்டார்கள். எடை எங்கே இருக்கிறது என்று அறிய விரும்புகிறவர்கள் உலகில் இத்தனை பேர் இருக்கிறார்கள்.

நம் பக்கத்திலும் ஒருவர் இதை வேறு வழியில் செய்தார். கோவையின் எஸ். கரிவரதன், 1980-களின் பிற்பகுதியில், மாருதி 800-இன் எஞ்சினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியில் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் பொருத்தினார். முன்சக்கரத்தை இழுப்பதற்காகப் பிறந்த எஞ்சின் பின்சக்கரத்தைத் தள்ளத் தொடங்கியது. ஃபார்முலா மாருதி என்று அதற்குப் பெயர். நரேன் கார்த்திகேயன் உள்ளிட்ட ஒரு தலைமுறை இந்த மலிவான சிறிய எஞ்சினில்தான் எடையைப் படித்தது. இந்தியாவின் ஓட்டக் கலைக்கு இதைவிடப் பெரிய கொடையை யாரும் தந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

மாருதி 800-இன் உற்பத்தியும் அம்பாசிடரின் உற்பத்தியும் ஒரே ஆண்டில் நின்றன, 2014-இல். பின்சக்கரம் இனி விலை உயர்ந்த வண்டிகளுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் மட்டும்தான் என்று அப்போது தோன்றியது. பிஎம்டபிள்யூ கூட 2019-இல் தன் சிறிய 1 சீரிஸை முன்சக்கரத்துக்கு மாற்றிக்கொண்டது. மின்சார வண்டி அதைத் திருப்பிவிட்டது. மோட்டார் ஒரு பூசணிக்காய் அளவுதான், அதைப் பின் ஆக்சிலிலேயே வைத்துவிடலாம். புரொபெல்லர் ஷாஃப்ட் வேண்டாம், நடு மேடு வேண்டாம். முன்சக்கர இயக்கத்தை வெல்ல வைத்த இடவசதி என்ற காரணமே போய்விட்டது. ஹூண்டாய் ஐயோனிக் 5 நம் ஊருக்குப் பின்சக்கர வண்டியாக வந்தது. மஹிந்திரா 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகம் செய்த பிஇ 6, எக்ஸ்இவி 9இ இரண்டும் பின்சக்கர வண்டிகள்.

இவற்றில் பழைய கேள்வி புதிய உருவில் திரும்பி வந்திருக்கிறது. காலை எடுத்தால் மோட்டார் ஜெனரேட்டராக மாறி வண்டியை அடக்குகிறது. அந்தக் கடிவாளம் பின்சக்கரத்தில் விழுகிறது. மலை இறக்கத்தில், ஈரத்தில், எடை முன்னே இருக்கும்போது. அம்பாசிடரில் கிளட்சும் காலும் தீர்த்துக்கொண்டதை இங்கே மென்பொருள் தீர்க்கிறது. சக்கரம் சறுக்கத் தொடங்கிய மறுகணமே, இடுப்புக்குச் செய்தி எட்டும் முன், அது கடிவாளத்தைத் தளர்த்திவிடும். பாதுகாப்புக்கு இது நல்லது, வேண்டும். ஆனால் செய்தியே வராமல் போவதுதான் எனக்கு வருத்தம். சறுக்கலைத் திருத்தட்டும், அதோடு சறுக்கியது என்பதை ஸ்டீயரிங்கிலோ இருக்கையிலோ ஓட்டுநருக்குத் தெரியப்படுத்தவும் செய்யட்டும். அதற்கு வழியில்லாமலில்லை.

மஹிந்திராவின் ஆராய்ச்சி மையம் செங்கல்பட்டுப் பக்கம்தான் இருக்கிறது; அந்த வண்டிகள் உருவானதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. அங்கே இருக்கும் இளம் பொறியாளர்களிடம் கேட்க எனக்கு ஒன்று உண்டு. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போய்த் திரும்பும் அளவுக்குச் சிறிய பேட்டரி. பின் ஆக்சிலில் ஒரு சிறிய மோட்டார். மெல்லிய டயர். நாலு பேர் உட்கார இடம். ஒரு டன்னைத் தாண்டாத எடை. ஆசிரியரும் செவிலியரும் வாங்குகிற விலையில் அப்படி ஒரு வண்டி செய்யுங்கள்.